எந்த வெடி இறைச்சியைக் கெடுக்காது? கேள்வியே பிழை



அன்பின் ஊர் உறவுகளே, காக்காமாரே, தம்பிமாரே, எங்கள் தமிழ் அயலவர்களே,

சற்று நீண்ட பதிவு. திட்டுவதானாலும் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கொஞ்ச நாளாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வாதம் ஓடுகிறது. மரைக்கு எந்த வெடி நல்லது? எஸ்ஜி தோட்டா போட்டால் முன்சப்பை முழுக்கப் பழுதாகிறதாம். இடியனுக்குள் ஆணித்துண்டு போடாமல் ஈயத்தை உருக்கிப் போட்டால் சேதம் குறைவாம். இன்னொரு தம்பி வெளிநாட்டு வேட்டை வீடியோவைப் போட்டு, செம்பு ரவை என்றால் ஒரு துண்டு இறைச்சியும் வீணாகாது என்கிறார். கீழே நாற்பது, ஐம்பது பேர் கருத்துச் சொல்கிறார்கள். அதில் ஒருவர்கூட "எந்த மரை? யாருடைய காடு? யார் வீட்டுச் சட்டி?" என்று கேட்கவில்லை. அதனால் நாங்கள் கேட்கிறோம்.

வெடி விஷயத்தையே முதலில் பேசுவோம். அது தெரியாமல் வாத்திமார் கதைக்கிறார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது.

ரவை இறைச்சியைக் கெடுப்பது இரண்டு காரணத்தால். ஒன்று வேகம். வேட்டை ரைபிளின் ரவை செக்கனுக்கு 800, 900 மீற்றர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் உடலுக்குள் நுழைவது துளை போடுவதோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள தசையை ஒரு கணம் பலூன்போல விரித்துச் சுருக்குகிறது. சின்ன இரத்தக் குழாய்கள் வெடித்து, இரத்தம் தசைக்குள் ஊறிக் கன்றிப்போகிறது. வெட்டி எறிய வேண்டிய இறைச்சி அதுதான். மற்றது ரவையின் செய்கை. உள்ளே ஈயமும் வெளியே செம்புத் தகடுமாக, முனை மெதுவாக இருக்கும் ரவை பட்டவுடன் காளான்போல விரியும். எலும்பில் பட்டால் சிதறும். ஆகவே இறைச்சியைக் காக்க நினைக்கும் வெளிநாட்டு வேட்டைக்காரர் பாரம் கூடிய, வேகம் குறைந்த ரவையை எடுக்கிறார். அல்லது முழுக்கச் செம்பிலான ரவையை எடுக்கிறார். எல்லாவற்றையும்விடச் சுடும் இடத்தைப் பார்க்கிறார். முன்சப்பை எலும்பைத் தவிர்த்து, அதற்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுக்கூட்டில் வைத்தால் விலங்கு விரைவில் சாகும். அங்கே கெடுவதற்கு இறைச்சியும் அதிகமில்லை.

முழு உறை போட்ட இராணுவ ரவை இருக்கிறதே, அது பொதுவாக விரியாது, சிதறாது, ஊடுருவிப் போய்விடும். இறைச்சிக்குச் சேதம் குறைவு. ஆனால் விலங்கு அந்த இடத்தில் விழாது. காயத்தோடு பற்றைக்குள் ஓடி, எங்கோ கிடந்து துடித்துச் சாகும். அதனால்தான் பல நாடுகளில் பெரிய விலங்கை அந்த ரவையால் சுடுவது குற்றம். "இறைச்சி கெடக்கூடாது" என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இந்த ஒரு ரவையே போதும். அறுக்கும்போது கத்தியைத் தீட்டு, பிராணிக்கு வேதனையைக் குறை என்று கட்டளையிட்ட நபியின் (ஸல்) உம்மத் நாம். நமது முதல் கேள்வி சப்பையைப் பற்றியதாகவா இருக்கவேண்டும்?

இன்னொன்று. இந்த ரவைத் தெரிவெல்லாம் அனுமதிப்பத்திரம், வேட்டைக் காலம், ஆளுக்கு இத்தனை விலங்கு என்ற கணக்கு, குறி பார்த்துச் சுடப் பயிற்சி என்று எல்லாம் இருக்கும் நாட்டுப் பேச்சு. நமது காட்டில் என்ன இருக்கிறது? இடியன். இரும்புக் குழாய், கறுப்பு மருந்து, சீலை அடைப்பு. அதற்கு மேல் கைக்கு அகப்பட்டது எல்லாம்: ஆணித்துண்டு, சைக்கிள் போல்ஸ், பழைய பற்றரியை உடைத்து உருக்கிய ஈயம், வலையில் கட்டும் ஈயம். எங்கே படும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது. வயிற்றில் பட்டால் குடல் கிழிந்து சாணி இறைச்சியில் கலக்கிறது. துரத்தித் துரத்திக் களைத்துச் சாகும் விலங்கின் இறைச்சி கறுத்து இறுகி, வேகமாகப் பழுதாகும். பிறகு அதை உரப்பையில் கட்டி, பொலிஸ் கண்ணில் படாமல் இருட்டும்வரை பற்றைக்குள் மறைத்து வைக்கிறார்கள். வன்னி வெயிலில் அது எத்தனை மணித்தியாலம் கிடக்கிறது? அந்த இறைச்சிக்கு "சேதம் குறைவான வெடி" தேடுகிறோமாம்!

சரி, ஈயம் பாதுகாப்பு என்கிறீர்கள். ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வழமையான ஈய ரவையால் வேட்டையாடிய 30 மான்களை, குடல் எடுத்துச் சுத்தம் செய்த பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். முப்பதிலும் உலோகத் துணுக்குகள் இருந்தன. சராசரியாக ஒரு மானில் 136. பிறகு அவற்றைத் தொழில்முறை இறைச்சிக் கடைகளில் கொடுத்து, காயம் பட்ட இடத்தை வெட்டி அகற்றி, அரைத்துப் பொதி செய்வித்துத் திரும்பவும் எக்ஸ்ரே எடுத்தார்கள். 30 மான்களில் 24இன் பொதிகளில் துணுக்குகள் இன்னும் இருந்தன. அந்த இறைச்சியைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. அதற்கு முதல் வருடம் மினசோட்டா மாநிலத்தில் செய்த சோதனையில், காயத்திலிருந்து ஏறத்தாழ ஒரு முழத் தூரத்திலும் துணுக்குகள் அகப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத, பல்லில் கடிபடாத துணுக்குகள். "பட்ட இடத்தை வெட்டி எறிந்தாச்சு" என்ற நமது சமாதானம் அந்த ஒரு முழத்தோடு முடிகிறது.

இடியனின் ஈயம் அந்த வேகத்தில் போவதில்லையே, அவ்வளவுக்குச் சிதறாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தளவுக்குச் சிதறாதுதான். ஆனால் உருக்கிய ஈயம் மிக மெதுவானது. எலும்பில் உரசினால் சீவல் சீவலாகக் கழரும். ஒரு ரவை போகும் இடத்தில் ஒரு பிடி ஈயம் போகிறது. உள்ளே தங்கிய ஈயத்தோடு இறைச்சி சட்டிக்கு வருகிறது. நாம் தேசிக்காய்ப்புளி விடுகிறோம், பழப்புளி கரைத்து ஊற்றுகிறோம். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும்; இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கக்கூடிய விஞ்ஞானம். பற்றரி ஈயம் என்றால் அந்திமனியும் சேர்ந்து வரும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கவனத்தை, ஞாபகத்தை, படிக்கும் திறனைக் குறைக்கும். போன புத்தி திரும்பாது. டென்மார்க் ஈயச் சன்னங்களை 1996இலேயே தடை செய்தது. 2024இல் ஈய ரவையையும் தடை செய்தது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து ஈயத்தால் வேட்டையாடவே முடியாது. உலகம் ஈயத்தைக் கைவிடும்போது நாம் பற்றரியை உடைத்து உருக்குகிறோம். டியூசனுக்கு மாதா மாதம் காசு கட்டி, வல்லாரையும் முட்டையும் கொடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு, வெள்ளிக்கிழமை மரைக்கறி என்று இதையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

"அப்போ செம்பு ரவைதானே சேர் தீர்வு?" என்று அந்தத் தம்பி கேட்பார். இல்லை தம்பி. புள்ளிமானும் மரையும் கேளையும் இந்த நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. பிறகு திருத்தித் திருத்திக் கடுமையாக்கியிருக்கிறார்கள். செம்பால் சுட்டாலும் தங்கத்தால் சுட்டாலும் அது குற்றம்.

இனி நமது வீட்டுக் கேள்வி. "பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் வெடி வைத்தது, ஹலால்தான்" என்கிறார்கள்.

தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. ஆனால் மத்ரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரிந்த சிலவற்றைச் சொல்லலாம். அல்மாஇதா அத்தியாயத்தில் தடுக்கப்பட்டவற்றின் வரிசையில் அடிபட்டுச் செத்ததும் இருக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரழி) வேட்டை பற்றிக் கேட்டபோது, கூர்முனை துளைத்ததை உண்ணலாம், பக்கவாட்டில் அடித்துக் கொன்றதை உண்ணக்கூடாது என்றே நபியவர்கள் (ஸல்) பிரித்துச் சொன்னார்கள். துவக்குக் குண்டு துளைக்கிறதா, அடித்துக் கொல்கிறதா என்பதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் ஷவ்கானி போன்றோர் துளைக்கிறது என்று அனுமதித்தார்கள். பலர், உயிரோடு பிடித்து அறுத்தாலொழியக் கூடாது என்றார்கள். ஆனால் கட்டுத்துவக்கு? கம்பியில் விலங்கின் கால் பட்டு வெடிக்கும்போது கட்டியவன் வீட்டில் நித்திரை. ஷாபிஈ மத்ஹபின் பழைய நூலான இமாம் ஷீராஸியின் முஹத்தபிலேயே, பொறியில் வைத்த இரும்பு பட்டுச் செத்த வேட்டை ஹலால் ஆகாது, அது எவருடைய செயலாலும் அறுபடவில்லை என்ற கருத்து இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முந்திய விளக்கம். கட்டுத்துவக்குக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்வது? விடிய வந்து பார்க்கும்போது விறைத்துக் கிடக்கும் உடலில் கத்தி வைப்பது அறுப்பா?

அதோடு இன்னொரு கேள்வி. தோல் உரித்து, எலும்பு நீக்கி, பையில் போட்டுக் கொண்டுவந்து தரும் இறைச்சியில் எது மரை, எது பன்றி, எது யாருடையதோ பட்டியிலிருந்து போன மாடு? கோழிக்கடையில் ஹலால் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வாசிக்கும் நாம், இருட்டில் வரும் பைக்கு எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை.

இனி இந்தப் பதிவின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

கட்டுத்துவக்கை விலங்கின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். பன்றியின் நெஞ்சு உயரம் ஒரு மனிதனுக்கு முழங்கால், தொடை. பத்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பு, வயிறு. கம்பிக்கு யார் வருகிறார் என்று தெரியாது. மாடு தேடிப் போன வாப்பா வரலாம். விறகுக்குப் போன உம்மா வரலாம். பாலைப்பழக் காலத்தில் வாளியோடு காட்டுக்குள் இறங்கும் நமது மாணவர்கள் வரலாம். தேனுக்குப் போகும் அயலூர் அண்ணன்மார் வரலாம். பட்டவனைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையால் றோட்டுக்கு வர எவ்வளவு நேரம்? வந்தாலும், எப்படிக் காயம் பட்டது என்று டொக்டரிடம் உண்மையைச் சொல்ல முடியாமல், விழுந்தது, குத்தியது என்று பொய் சொல்ல வேண்டிய நிலை. கட்டியவன் ஊரவன், பட்டவன் உறவினன்.

இந்த மண்ணில் இப்படி ஒரு பொருளை நமக்குத் தெரியும். கால் வைத்தவன் யார் என்று பார்க்காமல் வெடிக்கும் பொருள். அதன் பெயர் கண்ணிவெடி. அதற்காக இந்த மாவட்டங்களில் எத்தனை கால்கள் போயின என்று யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. யுத்தம் முடிந்த நாளிலிருந்து முகமாலையிலும் மற்ற இடங்களிலும் முழங்காலில் இருந்து, அங்குலம் அங்குலமாகத் தோண்டி, நமது பெண்பிள்ளைகளும் சேர்ந்துதான் அவற்றை அகற்றினார்கள். 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஒரு பக்கம் உலகம் காசு கொடுத்துப் பழைய கண்ணிகளை எடுக்கிறது. மறுபக்கம் நாம் காசு கொடுத்துப் புதிய கண்ணிகளைக் கட்டுவிக்கிறோம். ஆம், நாம்தான். ஒரு கிலோ மரை இறைச்சிக்குக் கொடுக்கும் காசில் அந்தக் கம்பியும் மருந்தும் அடங்கியிருக்கிறது.

யானைகளைப் பற்றியும் ஒரு வரி. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. காரணங்களில் துவக்குச் சூடும் பன்றிக்கு வைக்கும் வாய்வெடியும் முன்னணியில் நிற்கின்றன. வாய்வெடியைக் கடித்த குட்டி யானை தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. காயம்பட்ட பெரிய யானை வெறிகொண்டு ஊருக்குள் வருகிறது. பிறகு "யானைத் தொல்லை" என்று மகஜர் எழுதுகிறோம்.

இப்போது எதிர்வாதங்கள்.

"பயிரைக் காப்பாற்ற வேண்டாமா?" வேண்டும். 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் அகதி முகாமில் கிடந்து, திரும்பி வந்தபோது நமது காணிகள் காடாகிக் கிடந்தன. நீராவிப்பிட்டியிலும் ஹிஜ்ராபுரத்திலும் சாளம்பைக்குளத்திலும் நாச்சிக்குடாவிலும் அந்தக் காட்டோடு மல்லுக்கட்டித்தான் வயல் செய்கிறோம். ஒரு இரவில் பன்றிக் கூட்டம் ஒரு போகத்தையே உழுதுவிட்டுப் போகும். உழுந்தையும் பயறையும் மான் மேயும். அந்த வேதனை எங்களுக்குத் தெரியும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள், எண்ணினோம். எண்ணியதற்குப் பிறகு வயலுக்கு என்ன வந்தது என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டும், கேட்போம்.

ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். பயிரைக் காக்கும் துவக்கு வரம்போரத்தில், காவல் கொட்டிலில், ஒரு ஆளின் கையில் இருக்கும். நமது காட்டில் கட்டுத்துவக்கு ஏன் மோட்டைக் கரையில் இருக்கிறது? ஆவணி வெயிலில் தண்ணீர் வற்றி, குடிக்க வேறு இடமில்லாமல் விலங்குகள் வரும் அந்த ஒரே மோட்டையில் என்ன பயிர் விளைகிறது? அங்கே கட்டுவது வயலுக்கு அல்ல, வியாபாரத்துக்கு. பன்றி நமக்கு ஹராம். ஆகவே நமது காசு முழுக்கப் போவது மானுக்கும் மரைக்கும்தான். பயிரின் பெயரைச் சொல்லி இதை மூடவேண்டாம்.

"ஏழைகள், வேறு தொழில் இல்லை." உண்மை. அதனால்தான் நாங்கள் துவக்குக் கட்டுகிறவனைவிட இறைச்சி வாங்குகிறவனிடம் பேசுகிறோம். பிடிபடுவது கூலிக்காரன். கோர்ட்டுக்கு அலைவது அவன். கை சிதறினால் அவனுடைய கை. சாப்பிடுவது யார்? கடை முதலாளி, வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான், "நல்ல மரை கிடைக்குமா?" என்று கேட்கும் உத்தியோகத்தர், அவரைக் குளிர வைக்க வேண்டிய நாம். ஏழையின் மீது அவ்வளவு இரக்கம் என்றால் அவனிடம் மீன் வாங்குங்கள், ஆடு வளர்க்கக் கடன் கொடுங்கள், ஸகாத்தில் அவன் பெயரை எழுதுங்கள்.

"மூத்தவாப்பா காலத்திலிருந்து சாப்பிட்டதுதானே?" சாப்பிட்டார்கள். வத்தல் போட்டு, தேனில் ஊற வைத்தும் வைத்தார்கள். அவர்கள் காலத்துக் காடு வேறு, சனத்தொகை வேறு. அவர்கள் குடும்பத்துக்கு வேட்டையாடினார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் வவுனியா, கொழும்பு பார்சலுக்கும் வேட்டையாடவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

வாங்காதீர்கள். விருந்தாளிக்கு வைக்காதீர்கள். வலீமாவில் காட்டு இறைச்சி என்றால் சாப்பிடாமல் எழுந்து வாருங்கள். ஒரு தடவை எழுந்தால் போதும், அடுத்த வலீமாவில் வைக்கமாட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்குங்கள். கட்டுத்துவக்கில் செத்த இறைச்சியைப் பற்றி உலமாக்கள் மிம்பரில் நின்று வெளிப்படையாகச் சொல்லட்டும். எந்த ஊரில் யார் கட்டுகிறார் என்பது ஜமாஅத்துக்குத் தெரியாத இரகசியம் அல்ல. முதலில் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் ஊரின் உயிரைப் பாருங்கள்.

கமக்காரர் அமைப்பினர், தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் சேர்ந்து, மாவட்டச் செயலகத்திடம் ஒரே குரலில் கேளுங்கள்: காவலுக்கு அனுமதிப்பத்திரத் துவக்கு, ஒழுங்கான யானைவேலி, தாமதமில்லாத நட்டஈடு. அறுக்கையான வேலி கேட்பது நமது உரிமை. ஆனால் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடும் வேலை வேண்டாம். அதுவும் இன்னொரு கட்டுத்துவக்கு.

காட்டில் குறுக்கே கம்பியோ நைலோன் நூலோ கண்டால் தொடாதீர்கள், இழுக்காதீர்கள். வந்த வழியே திரும்பி, இடத்தைக் குறித்துக்கொண்டு, பொலிசுக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி விழிப்புணர்வில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். பாடசாலைகளில் இதையும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களாகிய நாங்கள் தயார்.

எந்த வெடி இறைச்சியைக் குறைவாகக் கெடுக்கும் என்று இனியும் குழுமத்தில் கேட்பவர்களுக்கு எங்களிடம் ஒரே பதில்தான். வெடிக்காத வெடி. மரை மோட்டையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். பாலைப்பழத்துக்குப் போன பிள்ளை வாளி நிறையக் கொண்டு வீடு வரட்டும்.

அல்லாஹ் நமது உணவையும் நமது பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் கண்ணியமாக எழுதுங்கள், பதில் சொல்வோம். உடன்படுகிறவர்கள் உங்கள் ஊர்க் குழுமத்தில் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.